பர்மா மெடல்: தாத்தாவுக்குக் கெடச்சது விக்டோரியா கிராஸா?

வேலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போட்டோவோட கேள்வி அனுப்பியிருக்காரு. அப்பா காலமான பிறகு பழைய டிரங்குப் பெட்டியத் தொறந்திருக்காங்க, அடியில ஒரு துணி முடிச்சுல வட்டமா ஒரு வெள்ளி மெடல். ஒரு பக்கம் ராணி தலை, மேல பட்டையில "பர்மா 1885-7". வீட்டுல பரம்பரையா சொல்ற கதை என்னன்னா, தாத்தாவோட தாத்தா பர்மா சண்டையில பெரிய துரையோட நின்னு சண்ட போட்டாரு, அதுக்கு பிரிட்டிஷ் படையோட மிகப்பெரிய வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்கன்னு. இப்ப சிங்கப்பூர்ல இருக்கிற மாமா இத லண்டன் ஏலத்துக்கு அனுப்பு கோடி வரும்ங்கறாரு, அம்மா புளி போட்டு பளபளன்னு தேச்சு ஃபிரேம் போடலாம்ங்கறாங்க. இது நெஜமாவே வீரப்பதக்கமா, தாத்தா பத்தி மேல எப்படி தெரிஞ்சுக்கறது, விக்கலாமா, தேய்க்கலாமா? இவ்ளோதான் கேள்வி.

முதல்ல கடைசி கேள்வி, ஏன்னா அதுதான் அவசரம். அம்மாகிட்ட சொல்லுங்க, புளி வேணாம், சாம்பல் வேணாம், பல்பொடி வேணவே வேணாம். நான் மெடல் சேக்கிற இந்தப் பழக்கத்துக்கு வந்த புதுசுல எனக்குக் கெடச்ச முதல் மெடல பல்பொடி வச்சு அரைமணி நேரம் தேச்சேன், கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ராணியோட மூக்கும் கூடவே போயிடுச்சு. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, வெள்ளி மேல காலம் போட்ட தோல், அதுக்கடியிலதான் எழுத்து பத்திரமா இருக்கும். வெறும் மெத்துன்னு பருத்தித் துணியில தொடச்சிட்டு விடுங்க.

இப்ப மெயின் மேட்டர். உங்க கையில இருக்கிறது விக்டோரியா கிராஸ் இல்ல தம்பி. பாத்த உடனே சொல்லிடலாம், விக்டோரியா கிராஸ் வட்டமும் இல்ல வெள்ளியும் இல்ல, அது மங்கின வெண்கலத்துல சிலுவை வடிவம், நடுவுல கிரீடத்து மேல சிங்கம், கீழ "ஃபார் வேலர்"னு எழுத்து, பின்னாடி வட்டத்துக்குள்ள வீரச்செயல் நடந்த தேதி. அதவிட முக்கியமா, உங்க தாத்தா காலத்துல இந்தியச் சிப்பாய்க்கு அதக் குடுக்கவே மாட்டாங்க. 1856ல விக்டோரியா ராணி ஆரம்பிச்ச பதக்கம் அது, அடுத்த வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில இருந்த வெள்ளக்காரங்களுக்கும் உண்டுன்னு சொன்னாங்க, நம்மாளுங்களுக்கு 1911 டெல்லி தர்பார்லதான் வழி தொறந்துச்சு. முதல் இந்தியர் குதாதாத் கான், அவர் பண்ணது 1914 அக்டோபர் 31ல, பெல்ஜியம் மண்ணுல. அதனால 1885ல பர்மா போன எந்த மெட்ராஸ் சிப்பாயும் விக்டோரியா கிராஸ் வாங்கியிருக்க வழியே இல்ல.

அப்ப வீட்டுக்கதை பொய்யா? அப்படி அவசரப்பட்டு சொல்ல மாட்டேன், ஏன்னா அந்தக் கதையில ஒரு விக்டோரியா கிராஸ் நெஜமாவே இருக்கு, ஆனா அது துரையோடது. பர்மா படைக்குத் தலைமை தாங்குனவர் ஹாரி பிரெண்டர்காஸ்ட். 1834ல நம்ம மெட்ராஸ்லயே பொறந்தவரு, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் ஆபீசர். 1857 நவம்பர் 21, மத்திய இந்தியாவுல மந்த்சோர்ங்கிற ஊர்ல சண்ட. ட்யூன்னு ஒரு லெஃப்டினென்ட், அவரப் பாத்து எதிரி ஒருத்தன் நாலு எட்டு தூரத்துல துப்பாக்கிய நீட்டிட்டான், பிரெண்டர்காஸ்ட் குதிரைய விரட்டிட்டு நேரா அவன் மேலயே பாயுறாரு, குண்டு இவர் மேல பட்டுடுச்சு, அடுத்த நிமிஷம் அவன் இவர வெட்டிப் போட்டிருப்பான், அதுக்குள்ள மேஜர் ஆர்ங்கிற இன்னொரு ஆபீசர் வந்து அவனக் கொன்னுட்டாரு. அப்ப பிரெண்டர்காஸ்ட்டுக்கு வயசு 23. அதுக்கும், அடுத்தடுத்த சண்டைகள்ல காட்டுன துணிச்சலுக்கும் சேத்துதான் விக்டோரியா கிராஸ். இது எந்தச் சண்டைன்னு புரிஞ்சிருக்கும், நாம சிப்பாய்ப் புரட்சின்னு படிக்கிறதுதான், அவர் துணிச்சல ஒத்துக்கலாம், எந்தப் பக்கம் நின்னு காட்டுன துணிச்சல்னும் மறக்க வேணாம்.

அந்த ஆளுதான் 28 வருஷம் கழிச்சு ஜெனரலா ஐராவதி ஆத்துல ஸ்டீமர் ஸ்டீமரா படைய ஏத்திட்டுப் போயி, 1885 நவம்பர் நடுவுல எல்லைய தாண்டி, 28ஆம் தேதி பர்மா தலைநகர் மாண்டலேல இறங்கிட்டாரு. ரெண்டு வாரம்தான். பர்மாவோட திபோ ராஜாவையும் ராணியையும் கப்பல்ல ஏத்தி முதல்ல மெட்ராஸுக்குத்தான் கொண்டு வந்தாங்க, அப்புறம்தான் ரத்னகிரி. ஆனா ராஜா போனதும் சண்ட முடியல, அதுக்கப்புறம்தான் காட்டுக்குள்ள ஊர் ஊரா ஒளிஞ்சிருந்து அடிக்கிற சண்ட வருஷக்கணக்குல இழுத்துச்சு, குண்டுல செத்தவன விட காய்ச்சல்லயும் பேதியிலயும் செத்தவன் அதிகம். பட்டையில 1885-7ன்னு இருக்கிறதுக்குக் காரணம் அதுதான். உங்க தாத்தா ஊருக்கு வந்து "எங்க ஜெனரல் விக்டோரியா கிராஸ் வாங்குனவரு"ன்னு திண்ணையில சொல்லியிருப்பாரு, மூணு தலைமுறை தாண்டும்போது கிராஸ் ஜெனரல் சட்டையில இருந்து தாத்தா சட்டைக்கு மாறிடுச்சு. இது என் யூகம்தான், ஆனா இந்த மாதிரி நெறைய வீட்டுல பாத்திருக்கேன்.

சரி, கையில இருக்கிறது என்ன? இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல், 1854 மாடல். அந்தச் சண்டைக்குப் போனவங்க எல்லாருக்கும் குடுக்கிற மெடல் அது, போர்ப்பதக்கம்னு சொல்லலாம், வீரப்பதக்கம்னு சொல்லக்கூடாது. திருப்பிப் பாருங்க, சிறகு வச்ச வெற்றி தேவதை ஒக்காந்திருக்கிற வீரனுக்கு மாலை சூட்டுற மாதிரி படம், அடியில தாமரை. அகலம் 36 மில்லிமீட்டர் இருக்கணும். ரிப்பன் இருந்தா ரத்தச் சிவப்புல ரெண்டு கருநீலக் கோடு, உங்க போட்டோல இருக்கிற அந்த நஞ்சுபோன துண்டு அதுதான்னு நெனக்கிறேன், தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு நல்ல விஷயம், உங்களது வெள்ளி. பர்மா 1885ல இருந்து இதே மெடல வெண்கலத்துலயும் அடிச்சாங்க, டோலி தூக்குறவங்க, தண்ணி சுமக்கிறவங்க, கோவேறு கழுதை ஓட்டுறவங்களுக்கெல்லாம் வெண்கலம். வெள்ளின்னா தாத்தா துப்பாக்கி புடிச்ச ஆளுதான்.

உண்மையான தகவல் எல்லாம் விளிம்புல இருக்கு. எல்லாரும் ராணி தலையத்தான் பளிச்னு போட்டோ எடுத்து அனுப்புறாங்க, ராணி தலை எல்லா மெடல்லயும் ஒண்ணுதான சாமி. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, மெடல விரல் நுனியில புடிச்சு, மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, மெதுவா உருட்டிக்கிட்டே வீடியோ எடுங்க, பகல்ல கண்ணுக்கே தெரியாத கீறல் எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். இந்த 1880கள் மெடல்ல பேர பொதுவா கையெழுத்து மாதிரி சாஞ்ச எழுத்துல வெட்டியிருப்பாங்க, முதல்ல நம்பர், அப்புறம் பதவி, பேரு, படைப்பிரிவு. நீங்க அனுப்புன போட்டோல "நாயக்" தெளிவாவே தெரியுது, அது சாதிப்பேரு இல்ல, கார்ப்பரல் மாதிரி ஒரு பதவி, கடைசியில "கியூ.ஓ. எஸ் அண்ட் எம்" மாதிரி இருக்கு, அப்படின்னா குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ், பிரெண்டர்காஸ்ட்டோட சொந்த ஆளுங்க. பாலம் போடுறது, ரோடு வெட்டுறது, கோட்டைக் கதவ வெடி வச்சுத் தகர்க்கறது இவங்க வேலை. ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களும் கிறிஸ்தவங்களும் நெறைய பேர் சேர்ந்த படை அது, இன்னிக்கும் அந்தப் படைக்காரங்கள "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க.

நடுவுல வர்ற பேர வெள்ளக்கார கிளார்க் தன் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பான், முனுசாமி "மூனிசாவ்மி" ஆகியிருப்பாரு, அதனால எழுத்துக்கூட்டாதீங்க, சத்தமா வாசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, நம்பர மட்டும் வச்சு தேடாதீங்க, ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனித்தனி வரிசை, ஒரே நம்பர் பத்து பேருக்கு இருக்கும். ஒரே இடத்துல விளிம்பு வழுவழுன்னு மெலிஞ்சிருக்கா, அகலம் வெர்னியர்ல வச்சா ஒரு பக்கம் 36க்குக் கொறைவா காட்டுதான்னும் பாத்துடுங்க, பழைய பேர ராவிட்டு வேற பேர் வெட்டுற வேலை அந்தக் காலத்துலயே உண்டு. பெட்டிக்குள்ளயே இருந்த மெடல்னா பயம் இல்ல.

அப்ப இந்தியச் சிப்பாய்க்கு வீரப்பதக்கமே இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, விக்டோரியா கிராஸுக்கும் முந்தியே இருந்துச்சு. 1837லயே கம்பெனி ஆரம்பிச்ச ஆர்டர் ஆஃப் மெரிட், பின்னாடி இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்னு பேர் மாத்துனாங்க. எட்டு முனை நட்சத்திரம், நடுவுல நீல எனாமல்ல குறுக்கு வாள், ரிப்பன் கருநீலம், ரெண்டு ஓரமும் சிவப்பு. மூணு வகுப்பு, மூணாவதுல ஆரம்பிச்சுத்தான் மேல ஏறணும், சம்பளமும் கூடும், மூணாம் வகுப்புக்கு மூணுல ஒரு பங்கு எக்ஸ்ட்ரா, முதல் வகுப்புன்னா ரெண்டு மடங்கு. சும்மா ஒண்ணும் குடுத்துட மாட்டாங்க. 1897 செப்டம்பர் 12ல சாராகரில 36வது சீக்கியப் படையோட 21 பேர் ஹவில்தார் இஷர் சிங் தலைமையில கடைசி ஆள் வரைக்கும் நின்னு செத்தாங்களே, அந்த 21 பேருக்கும் குடுத்தது இதோட மூணாம் வகுப்புதான். இன்னொரு நட்சத்திரமும் இருக்கு, ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா, அது தங்கத்துல கழுத்துல தொங்கும், பாக்க இன்னும் கெத்தா இருக்கும், ஆனா அது சுபேதார் ஜமேதார் மாதிரி இந்திய ஆபீசருங்களோட நீண்ட நாள் விசுவாச சேவைக்கு, வீரத்துக்கு இல்ல. பெட்டிய இன்னொரு தரம் கொட்டிப் பாருங்க, அம்மாவோட பழைய நகைப் பெட்டியையும் சேத்து. நட்சத்திரத்த பின்னாடி ஊசி வச்சு ப்ரூச் ஆக்குன வீடும் உண்டு, மெடல உருக்கி கொலுசு அடிச்ச வீடும் உண்டு.

நட்சத்திரம் கெடைக்கலன்னாலும் தாத்தா வாங்குனாரா இல்லையான்னு காகிதத்துல பாக்கலாம். ஆர்டர் ஆஃப் மெரிட் குடுத்தா அரசாணையா கெசட்ல வரும், என்ன செஞ்சாருன்னு ரெண்டு வரியும் இருக்கும். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல மெட்ராஸ் ராஜதானி ராணுவத் துறை ஃபைல் இருக்கு, முன்னாடியே அனுமதிக்கு விண்ணப்பம் போடணும், "1885ல இருந்து 1888 வரை, பர்மா, சாப்பர்ஸ்"னு குறிப்பா எழுதிக் குடுங்க, "எங்க தாத்தா பத்தி"ன்னு எழுதுனா ஒண்ணும் நடக்காது. மெடல் வாங்குனவங்க பேர்ப்பட்டியல் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியோட இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல, "எல் மில் 5"ங்கிற வரிசையில இருக்கு. சாப்பர்ஸ் படையோட இன்னிய வாரிசு பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அங்க ஒரு லெட்டர் போடுங்க, விளிம்பு போட்டோவோட. இத படிக்கிற வேற யாராவது வீட்டுல "மெட்ராஸ் இன்ஃபன்ட்ரி"ன்னு மெடல் இருந்தா ஒரு கணக்கு ஞாபகம் வச்சுக்கோங்க, 1903ல இந்தியப் படையோட தலைமைத் தளபதி கிச்சனர் ரெஜிமெண்ட் நம்பர் எல்லாம் மாத்துனப்ப மெட்ராஸ் காலாட்படைக்கு 60 கூட்டிட்டாங்க, 13வது ரெஜிமெண்ட் 73வது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆச்சு. பழைய நம்பர்ல மட்டும் தேடி ஒண்ணும் இல்லன்னு திரும்பி வந்தவங்க நெறைய.

மாமா விஷயத்துக்கு வரேன். லண்டனுக்கு அனுப்புறது நடக்காது. 100 வருஷம் தாண்டுன பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், தனி ஆள் அத வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, கூரியர்ல போட்டாலும் சரி, மாமா பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனாலும் சரி, கஸ்டம்ஸ்ல மாட்டுனா மெடலும் போகும் கேசும் வரும். உள்ளூர்ல விக்கணும்னா, வெள்ளி எடைக்குக் கேக்கிறவன்கிட்ட மட்டும் குடுக்காதீங்க, இதோட மதிப்பு எடையில இல்ல, விளிம்புல இருக்கிற பேர்ல இருக்கு. கோடி கனவு வேணாம், வெறும் போர்ப்பதக்கத்துக்கு அந்த வெல எல்லாம் வராது. என்னக் கேட்டா, அந்த நாயக்கோட எள்ளுப்பேரன் வீட்டுல இருக்கிற வரைக்கும்தான் இதுக்கு ஊரும் கதையும் உண்டு, கடை கண்ணாடிப் பெட்டிக்குப் போனா இன்னொரு பர்மா மெடல், அவ்ளோதான். ஃபிரேம் போடறதா இருந்தா பசை வச்சு ஒட்டிடாதீங்க, விளிம்பு மறைஞ்சுடும், ஆசிட் இல்லாத அட்டையில குழி வெட்டி வைக்கச் சொல்லுங்க.

நாயக்குக்கு அடுத்து வர்ற பேர்ல நடுவுல மூணு எழுத்து எனக்குப் புரியல, "சின்ன"வா "செங்க"வான்னு. டார்ச் வச்சு இன்னொரு வீடியோ அனுப்புங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற வயசான பெரியம்மா அத்தை யாருகிட்டயாவது தாத்தாவோட முழுப்பேரு என்னன்னு கேட்டு வைங்க, எழுத்தப் பாத்துட்டுக் கேட்டா அவங்களும் எழுத்துக்குத் தோதாவே சொல்லிடுவாங்க.