பழகிய பிறகுதான்

வணக்கம். எனக்கு வயது 28, ஈரோட்டில் கணக்கு வேலை. கல்லூரியில் தோழிகள் நடிகர்களைப் பார்த்துக் கிறங்கியபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. ஒரே ஒருவர் மீது, வருடக்கணக்கில் நண்பராகப் பழகிய பிறகு, அந்த ஆசை வந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார். இணையத்தில் 'டெமிசெக்ஸுவல்' (மனதளவில் நெருங்கிய பிறகே பாலீர்ப்பு வருபவர்) என்று படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது. தோழியோ, "நம்ம ஊர்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான்டி, இதுக்கு ஒரு பேரா?" என்கிறாள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இது நோயா? மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா?
– க.

அன்புள்ள க.,

தோழி சொல்வதில் பாதி சரி. பழகாத ஆளோடு நெருங்க மாட்டேன் என்று இருப்பவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு, பஸ்ஸில் யாரையாவது பார்த்து மனம் ஒரு கணம் தடுமாறும். வளர்ப்போ பயமோ அதை அடக்கிவிடும். உங்களுக்கு அடக்குவதற்கே ஒன்றும் எழுவதில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் நம் ஊரில் இது 'நல்ல பொண்ணு', 'தங்கமான பையன்' என்ற பாராட்டுக்குள் மறைந்துவிடுகிறது. கல்யாணம் வரை யாருக்கும், சிலசமயம் அவருக்கேகூட, சந்தேகம் வராது.

ஆல்ஃபிரட் கின்ஸி 1948இல் வெளியிட்ட ஆய்வில் பாலீர்ப்பை, எதிர்பாலினர் மீது மட்டும் என்றால் 0, தன்பாலினர் மீது மட்டும் என்றால் 6 என்று அளந்தார். இரு பக்கமும் ஈர்ப்பு காட்டாதவர்களை 'எக்ஸ்' என்று தனியே வைத்தார். 2001இல் அமெரிக்காவின் டேவிட் ஜே ஏசெக்ஸுவல்களுக்காக (யார் மீதும் பாலீர்ப்பு வராதவர்கள்) 'ஏவென்' இணையதளத்தைத் தொடங்கிய பிறகுதான் இப்படிப்பட்ட பலர் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். டெமிசெக்ஸுவல் என்ற சொல்லும் அங்கே புழங்கி வந்ததுதான். 2004இல் கனடா ஆய்வாளர் ஆந்தனி போகார்ட், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு கணக்கெடுப்பை ஆராய்ந்தார். சுமார் 1 சதவீதம் பேர் யார் மீதும் பாலீர்ப்பு வந்ததே இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் ஒரு முனை. எப்போதாவது, மெலிதாக ஈர்ப்பு வருபவர்கள் கிரேசெக்ஸுவல். ஃப்ரேசெக்ஸுவல் உங்களுக்கு நேரெதிர்: புதியவர் மீது ஈர்ப்பு வரும், நெருங்க நெருங்க வற்றிவிடும். பாவம், இவர்களை ஊர் ஏமாற்றுக்காரர்கள் என்றே முடிவுகட்டிவிடும். ஏகோசெக்ஸுவல்கள் கற்பனையில் எல்லாவற்றையும் ரசிப்பார்கள், தாங்கள் அதில் இருக்க விரும்பமாட்டார்கள். பட்டியல் இன்னும் நீளம், எனக்கே சிலசமயம் தலை சுற்றும். பெயர் உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடே, தன்னை ஏசெக்ஸுவல் என்று சொல்பவருக்கு ஆசைக்குறைவு என்ற நோய்ப்பெயரைச் சூட்டக்கூடாது என்கிறது. இருந்த ஆசை திடீரென்று போய்விட்டால் அது வேறு கதை. தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை என்று காரணங்கள் இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் நிச்சயத்துக்கு முன்பே. தாலி கட்டிய அன்றைக்கே முதலிரவு என்று நாள் குறிக்கிறோம். பழக்கமெல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது. சட்டமும் இதில் சேர்ந்துகொள்ளும். சமர் கோஷ் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம், உடல் இயலாமையோ தக்க காரணமோ இல்லாமல் நெடுங்காலம் தாம்பத்திய உறவை மறுப்பது, விவாகரத்துக்குக் காரணமாகும் மனரீதியான கொடுமை ஆகலாம் என்றது.

இங்கிலீஷ் பெயரெல்லாம் வேண்டாம். "எனக்கு நல்லாப் பழகினாத்தான் ஆசை வரும். மாசக்கணக்குல ஆகலாம், வராமலும் போகலாம்" என்று சொன்னால் போதும். அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கிவிடாதீர்கள். உங்களுக்கும் பழகிய எல்லார் மீதும் ஆசை வந்துவிடவில்லையே. அவர் கேள்வி கேட்டால் நல்லது, உட்கார்ந்து பேசுங்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று சிரித்தால் இன்னொரு முறை விளக்குங்கள். அப்போதும் அதையே சொன்னால், வீட்டில் அடுத்த ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.