தொல்லுயிர்களின் உருவத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

புதைபடிவங்களைக் கொண்டு வரையப்படும் தொல்லுயிர்ப் படங்கள் உண்மையானவையா என்ற கேள்விக்கு, ஹாலுசிஜீனியா என்னும் சிற்றுயிரின் வரலாறே தக்க விடை என்று கருதுகிறேன். கனடாவின் பர்ஜெஸ் பாறைப்படிவில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதையுண்ட அதன் உடல், சில சென்டிமீட்டர் நீளமுள்ள கரும்படலமாக மட்டுமே கல்லில் எஞ்சியிருக்கிறது. 1977-இல் அதை ஆராய்ந்த சைமன் கான்வே மாரிஸ், இரட்டை வரிசை முட்களைக் கால்கள் என்றும், எதிர்ப்புறத்தில் ஒற்றை வரிசையாகத் தெரிந்த மென்மையான நீட்சிகளை முதுகுப்புற உறுப்புகள் என்றும் கொண்டார். சீனாவில் கிடைத்த உறவுயிர்களின் படிவங்களோடு ஒப்பிட்டபோது, 1991-இல் அந்த உருவம் தலைகீழாகத் திரும்பியது. முட்கள் முதுகுக்குச் சென்றன, நீட்சிகள் கால்களாயின. பிறகு கல்லைக் கவனமாகச் செதுக்கியதில், அடியில் மறைந்திருந்த மற்றொரு வரிசைக் கால்களும் வெளிப்பட்டன. தலை என்று எண்ணப்பட்ட உருண்டையான கறையோ, உடல் நசுங்கியபோது பின்புறமாகக் கசிந்த திரவத்தின் தடம் என்று 2015-இல்தான் விளங்கியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுமுனையை ஆராய்ந்தவர்கள், அங்கே இரண்டு சிறு கண்களையும் வாய்க்குள் வளையமாக அமைந்த பற்களையும் கண்டார்கள். இத்தனை கோடி ஆண்டுகள் கடந்தும் ஒரு கண்ணின் தடம் அழியாதிருப்பது என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. இத்தனை திருத்தங்களிலும் மாறியது எந்த உறுப்பு எது என்ற விளக்கம்தான், கல்லில் பதிந்த வடிவம் அல்ல. ஆகவே, அத்தகைய படங்களில் முட்களின் வடிவத்தைத் தயக்கமின்றி நம்பலாம். கல்லில் எஞ்சியது கரும்படலம் மட்டுமே என்பதால், நிறமோ ஓவியரின் ஊகம்தான்.