கை மரத்துப்போகிறதா? முதலில் சுண்டு விரலைப் பாருங்கள்

“ராத்திரியில் கை மரத்து, விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்து தூக்கம் கலைகிறது. வயது 38. இது சுகரா, நரம்புத் தளர்ச்சியா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. நீடாமங்கலம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்வதுதான் முக்கியத் தொழில். இதே தொல்லையோடு எட்டு மாதம் அலைந்தவள் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தை மாதம் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் வலது கை கட்டைபோல் ஆகிவிடும். விரல் நுனியெல்லாம் சுருக் சுருக்கென்று குத்தும். எழுந்து உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு உதறினால் ஐந்து நிமிஷத்தில் சரியாகும். மாமியார் வாயு என்றார், பூண்டுப் பால் குடித்தேன். தெருவில் ஒருவர் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார். ஒரு கிளினிக்கில் என் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நரம்பு வீக்னெஸ் என்று வாரம் ஒரு சத்து ஊசியாகப் பத்து வாரம் போட்டார்கள். ஊசி போட்ட இடம் வலித்ததுதான் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், ஆடியில் அது தானாகவே நின்றுவிட்டது. ஊசி கேட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆவணி முகூர்த்தத்துக்கு நாலு பிளவுஸ் வந்தது. மறுபடி மூன்று மணிக்கு எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆரி வேலையும் கிடையாது. இந்தக் கணக்கு எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஒரு நாள் மாலை, பிளவுஸ் கையில் முத்து கோர்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முத்து இருப்பதாகவே நினைத்து ஊசியைக் கொண்டுபோனால், முத்து எப்போதோ விழுந்து தரையில் கிடக்கிறது. விழுந்தது விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. மறுநாளே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “சுண்டு விரலும் மரக்குதாம்மா?” எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை, கை என்றால் முழுக் கை என்றுதான் நினைத்திருந்தேன். புறங்கை இரண்டையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். நிமிஷம் முடிவதற்குள் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று எறும்பு ஊர ஆரம்பித்தது. சுண்டு விரல் மட்டும் சும்மா இருந்தது.

அவர் விளக்கியதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. எந்தப் பக்கத்து வயல் காய்கிறது என்று சொன்னால் போதும், எந்த வாய்க்காலில் அடைப்பு என்று தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் சொல்லிவிடுவார். கைக்கும் மூன்று பெரிய நரம்புகள் வருகின்றன. மேலே சொன்ன மூன்றரை விரல்கள் நடு நரம்பின் பாசனம். சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் முழங்கைப் பக்கமாக வரும் நரம்புடையது. மூன்றாவது நரம்பு புறங்கையில் கட்டை விரல் பக்கம் போகிறது. மூன்றுக்கும் தலைப்பு கழுத்தில்.

நடு நரம்பு மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே உள்ள சந்தில், ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். கார்பல் டனல் என்கிறார்கள். ஆரி ஊசியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி மடக்கி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் குத்துகிறவளுக்கு வராமல் யாருக்கு வரும்? தூக்கத்தில் மணிக்கட்டு தானாக மடங்குவதால் ராத்திரியில் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும், சுகர், முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இது அதிகம் வரும். அதனால் எனக்கு தைராய்டும் சுகரும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. நரம்பில் கரண்ட் வைத்து ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கலாம்.

வைத்தியம் சப்பென்று இருந்தது. தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டையை ராத்திரி கட்டிக்கொண்டு, மணிக்கட்டு மடங்காமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆரி ஃபிரேமை உயர்த்திவைத்தேன், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறேன். ஆறு வாரத்தில் தூக்கம் திரும்பியது. இதற்குக் கேட்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் மணிக்கட்டுக்குள் நரம்பை நசுக்கும் அந்தத் தடித்த பட்டையை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன் என்றார். கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதைமேடு வற்ற ஆரம்பித்தால் தள்ளிப்போடக் கூடாதாம்.

உங்களுக்குச் சுண்டு விரல் பக்கம் மரத்தால் கதை வேறு. என் கொழுந்தனாருக்கு அதுதான். உரக்கடை மேஜையில் முழங்கையை ஊன்றி, போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுவார். ஊன்றுவதை விட்டார், போய்விட்டது. கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து விரல்வரை சுரீரென்று இறங்குகிறது என்றால் கழுத்து எலும்பு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கையும், கூடவே இரண்டு பாதமும் என்றால் வாய்க்காலில் தேடிப் பயனில்லை, மேட்டூரிலேயே தண்ணீர் குறைவு என்று அர்த்தம். சுகர் அப்படித்தான் வரும். பெரும்பாலும் முதலில் பாதம், பிறகுதான் கை. என் மாமனார் ஒரு நாள் டீக்கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். இன்னொன்று வழியில் கழன்றது அவருக்குத் தெரியவில்லை. பதினாலு வருஷமாக சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மாலை போட ஆரம்பித்த நாளிலிருந்து கவிச்சி தொடுவதில்லை, பாலும் சேராது. டெஸ்ட் எடுத்தால் வைட்டமின் பி12 தரைமட்டம். பி12 நமக்குக் கறி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் கிடைக்கிறது. மெட்ஃபார்மினை நாள்பட எடுத்தால் அதை உடம்பு உறிஞ்சுவதும் குறையும். ஊசி போட்ட பிறகு சில மாதங்களில் கை குறுகுறுப்பு போனது, பாதத்தில் மதமதப்பு பாக்கி இருக்கிறது. எனக்கு வீணாகப் போட்டதும் அவருக்குப் பலித்ததும் ஏறக்குறைய ஒரே ஊசிதான். இதைப் படித்துவிட்டு யாரும் சுகர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

குடிப்பழக்கமும் நரம்பைக் கெடுக்கும். டிபி மாத்திரையில் ஐசோநியாசிடும் கெடுக்கும், அதனால்தான் கூடவே பி6 தருகிறார்கள். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் சற்று நேரம் குறுகுறுக்கும். இன்னொன்றைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மரப்போடு தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் தொழுநோயா என்று பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

அப்புறம், காத்திருக்கவே கூடாத இடங்கள். திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் மிளகு கஷாயம் போட்டுக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால், மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பத்து நிமிஷத்தில் தானே சரியானாலும் போகத்தான் வேண்டும். நெஞ்சுவலியோடு இடது கை மரத்தாலும், காலில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டே பலமும் குறைந்தாலும் இதே அவசரம்தான்.

உங்கள் கேள்வியில் ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த விரல் என்று எழுதவில்லை. இன்று ராத்திரி முழிப்பு வந்தால், உதறுவதற்கு முன்னால் சுண்டு விரலைக் கிள்ளிப் பாருங்கள். ஒரு கையா இரண்டா, பாதத்திலும் இருக்கிறதா, பகலில் என்ன வேலை என்பதையும் ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். என்ன சொன்னார் என்று இங்கேயே கீழே எழுதினால் படிக்கிறேன்.