சர்வர் காலியாக இருந்தும் ஆட்டம் தொடங்கவில்லையா? கேம் செஷன் கியூ கேள்வி-பதில்

ஆன்லைன் ஆட்டங்களின் சர்வர்களை நடத்தித் தரும் அமேசான் கேம்லிஃப்டில், ஒவ்வொரு ஆட்டத்தையும் (கேம் செஷன்) எந்த சர்வரில் வைப்பது என்று முடிவு செய்யும் கியூவை அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பிளேயரை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம், எவ்வளவு தூரத்து சர்வருக்கு அனுப்பலாம். இதை நீங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை என்றால் கியூ தன்பாட்டுக்கு முடிவு செய்துவிடும், அது உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: ஃப்ளீட்டில் (சர்வர் தொகுப்பில்) இன்ஸ்டன்ஸ்கள் (வாடகைக் கணினிகள்) சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியும் ஆட்டத்துக்கு இடம் கேட்கும் பிளேஸ்மென்ட் கோரிக்கைகள் டைம்அவுட் ஆகின்றன. எங்கே தேடுவது?

இன்ஸ்டன்ஸ் ஓடுவது வேறு, ஆட்டத்தை ஏற்கத் தயாரான சர்வர் புராசஸ் அதில் இருப்பது வேறு. உங்கள் சர்வர் நிரல் எழுந்ததும் புராசஸ்ரெடி அழைப்பைச் செய்ய வேண்டும், அதுவரை கியூவின் பார்வையில் அந்த இன்ஸ்டன்ஸ் வெறும் பெட்டிதான். ஆட்டம் ஒதுக்கப்பட்ட பிறகும், மேப் எல்லாம் ஏற்றி முடித்து ஆக்டிவேட்கேம்செஷன் அழைப்பைக் குறித்த நேரத்துக்குள் செய்தாக வேண்டும். அந்த நேரத்தை ஃப்ளீட்டின் ரன்டைம் அமைப்பில் 1 முதல் 600 விநாடி வரை வைக்கலாம். பெரிய மேப்பை மெதுவாக ஏற்றும் ஆட்டத்துக்கு இதைக் குறைவாக வைத்துவிட்டு கியூவைக் குறை சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் காலியாக உள்ள கேம் செஷன்களின் எண்ணிக்கை, ஓடும் இன்ஸ்டன்ஸ்களின் எண்ணிக்கை அல்ல.

அது சரியாக இருந்தால் அடுத்து லேட்டன்சி, அதாவது பிளேயரிடமிருந்து சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். கியூவில் 120 மில்லிசெகண்ட் வரம்பு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், கிளையண்டில் லேட்டன்சியை எப்படி அளக்கிறீர்கள்? பலர் அந்தந்த ரீஜனில் (அமேசானின் சர்வர் மையம் இருக்கும் பகுதியில்) உள்ள ஏதாவது ஒரு எச்டிடிபிஎஸ் முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி, பதில் வர ஆன நேரத்தை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். புதிதாகத் திறக்கும் இணைப்பில் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3க்கு இன்னொரு சுற்று, அப்புறம்தான் உண்மையான கோரிக்கைக்கு ஒரு சுற்று. ஆக 50 மில்லிசெகண்டில் இருக்கும் பிளேயர் உங்கள் கணக்கில் 150ல் இருப்பவராகிவிடுகிறார், பக்கத்திலேயே காலி சர்வர் இருந்தும் கியூ அவரை அங்கே சேர்க்காது. கேம்லிஃப்ட் ஒவ்வொரு ரீஜனிலும் யுடிபி பிங் பீக்கன் (பிங் அனுப்பி லேட்டன்சி அளப்பதற்கான முகவரி) தருகிறது, ஆட்டத்தின் போக்குவரத்தும் பெரும்பாலும் யுடிபிதான் என்பதால் அதிலேயே அளந்து விடுங்கள். ஒரே பிங்கை நம்பாதீர்கள், சில முறை அனுப்பி நடு மதிப்பை எடுங்கள், பின்னணியில் ஏதாவது டவுன்லோடு ஆகும் நேரத்தில் அளக்காதீர்கள்.

கேள்வி: லேட்டன்சி பாலிசி மூன்று படியாக வைத்திருக்கிறேன். மூன்றாவது படி வேலை செய்வதாகவே தெரியவில்லையே?

உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. முதல் 30 விநாடிக்கு 60 மில்லிசெகண்ட், அடுத்த 30 விநாடிக்கு 100, அப்புறம் 150 என்று வைத்திருக்கிறீர்கள், ஆனால் கியூவின் மொத்த டைம்அவுட்டும் 60 விநாடிதான். முதல் இரண்டு படி முடியும்போது கோரிக்கையின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. பாலிசிகள் குறைந்த வரம்பிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக அமலாகும், கால அளவு கொடுக்காத பாலிசி டைம்அவுட் வரை நீடிக்கும். எனவே கடைசிப் படிக்குக் கால அளவு கொடுக்காமல் விட்டுவிட்டு, முந்தைய படிகளின் கூட்டுத்தொகையைவிடத் தாராளமாக அதிகமாக டைம்அவுட் வையுங்கள். 60 மில்லிசெகண்டுக்காக 30 விநாடி காக்க வைப்பது சண்டை ஆட்டத்துக்குச் சரி, சீட்டாட்டத்துக்கு வீண்.

கேள்வி: கியூ சராசரி லேட்டன்சியைப் பார்த்துத்தானே இடம் தேர்ந்தெடுக்கிறது? அப்புறம் தனி வரம்பு எதற்கு?

சராசரி ஒரு ஆளை மறைத்துவிடும் என்பதால்தான். நான்கு பேர் கொண்ட குழு ஒன்றுக்கு டோக்கியோவில் 30, 35, 40, 190 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம், சராசரி 73.75. அதே நால்வருக்கு சிங்கப்பூரில் 90, 95, 80, 85 வந்தால் சராசரி 87.5. வரம்பு எதுவும் இல்லை என்றால் டோக்கியோதான் ஜெயிக்கும், அந்த நான்காவது ஆள் ஆட்டம் முழுக்க 190ல் தவிப்பார், அவர் சுடுவதற்குள் எதிராளி மறைந்திருப்பார். பாலிசியில் வைக்கும் எண் ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனியாகப் பொருந்துவது, அதை 120 என்று வைத்தால் டோக்கியோ பட்டியலிலிருந்தே போய்விடும், நால்வரும் சிங்கப்பூரில் சமமாக ஆடுவார்கள். மூன்று பேருக்கு இதனால் 40, 60 மில்லிசெகண்ட் கூடுகிறதே என்றால், ஆமாம், கூடுகிறது. ஒருவரை பலி கொடுப்பதைவிட அது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: செலவைக் குறைக்க முழுக்க ஸ்பாட் ஃப்ளீட் போடலாமா?

முழுக்க வேண்டாம். ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம், முன்னறிவிப்பு 2 நிமிடம்தான். தடைபட வாய்ப்பு அதிகம் என்று தெரியும் ஸ்பாட் ஃப்ளீட்டுகளில் கியூ புதிய ஆட்டத்தைச் சேர்க்காமல் தவிர்க்கும், அது நல்ல பாதுகாப்பு. ஆனால் எல்லா ஃப்ளீட்டும் ஒரே வகை இன்ஸ்டன்ஸ் என்றால் தவிர்க்கும்போது எல்லாவற்றையும் சேர்த்தே தவிர்க்க வேண்டி வரும், அப்போது போக இடமே இருக்காது. எனவே வெவ்வேறு இன்ஸ்டன்ஸ் குடும்பங்களில் இரண்டு மூன்று ஸ்பாட் ஃப்ளீட், கூடவே ஒரு ஆன்-டிமாண்ட் ஃப்ளீட் (இப்படித் திரும்பப் பெறப்படாத வகை). அந்த ஆன்-டிமாண்ட் ஃப்ளீட்டின் அதிகபட்ச அளவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், நெருக்கடி வரும் நாளில் அதுதான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆட்டம் 2 நிமிடத்துக்கு மேல் ஓடும் என்றால், புராசஸை நிறுத்தச் சொல்லி வரும் அழைப்பைப் பிடித்து ஸ்கோரையாவது சேமிக்கும் நிரலையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: முன்னுரிமை வரிசையை மாற்றலாமா, இருப்பதையே விட்டுவிடலாமா?

கியூ இடம் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் இயல்பு வரிசை லேட்டன்சி, செலவு, டெஸ்டினேஷன் (கியூவில் பட்டியலிட்ட ஃப்ளீட்), லொகேஷன். நேரலை ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். டெஸ்டினேஷனை முதலில் தூக்கி வைத்தால் நீங்கள் கொடுத்த பட்டியலில் மேலே இருக்கும் ஃப்ளீட்டுக்கே எப்போதும் முதல் வாய்ப்பு, லேட்டன்சி பின்னுக்குப் போய்விடும். போட்டித் தொடருக்காக ஒரு குறிப்பிட்ட ரீஜனில் மட்டும் நடத்த வேண்டும் என்றால் கியூவையே மாற்ற வேண்டாம், பிளேஸ்மென்ட் கோரிக்கையிலேயே லொகேஷன் வரிசையை மேலெழுதும் வசதி இருக்கிறது. அதில் மாற்று வழி வேண்டாம் என்று குறிப்பிட்டால் அந்த இடங்களைத் தாண்டி வேறெங்கும் போகாது.

கேள்வி: பிளேஸ்மென்ட் முடிந்ததா என்று ஒவ்வொரு விநாடியும் கேட்கிறோம். பிளேயர் கூட்டம் ஏறியதும் கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன.

கேட்பதை நிறுத்துங்கள், சொல்லச் சொல்லுங்கள். கியூவுக்கு எஸ்என்எஸ் (அமேசானின் அறிவிப்புச் சேவை) டாபிக் ஒன்றை இணைத்தால் இடம் கிடைத்தது, டைம்அவுட் ஆனது, ரத்தானது, தோற்றது எல்லாம் நிகழ்வாக வந்து சேரும், ஐபி முகவரியும் போர்ட்டும் அதிலேயே இருக்கும். அமேசானின் நிகழ்வுச் சேவையான ஈவென்ட்பிரிட்ஜ் வழியாகவும் பெறலாம். மூன்று இடங்களில் கவனம் தேவை. டாபிக்கின் அனுமதிப் பாலிசியில் கேம்லிஃப்ட் சர்வீஸ் பப்ளிஷ் செய்ய அனுமதி இருக்க வேண்டும், இது விட்டுப்போனால் எந்தச் சத்தமும் இல்லாமல் ஒன்றுமே வராது. டாபிக்கை என்கிரிப்ட் செய்திருந்தால் நீங்களே நிர்வகிக்கும் சாவியைப் பயன்படுத்தி அதிலும் அனுமதி கொடுங்கள். அப்புறம், எஸ்என்எஸ் ஒரே செய்தியை இரண்டு முறை தரக்கூடும், எனவே பிளேஸ்மென்ட் ஐடியை வைத்து ஏற்கெனவே கையாண்டதா என்று பார்த்துவிட்டுச் செயல்படுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். பிளேயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 60 விநாடிதான் காத்திருக்கும். உங்கள் பின்தளம் நிகழ்வை மெதுவாகக் கையாண்டு, கிளையண்ட் அதற்கப்புறம் ஏற்றுதல் திரையில் நின்றால், பிளேயர் உள்ளே வரும்போது அவர் இடம் காலாவதி ஆகியிருக்கும்.

கேள்வி: புது பில்டு (சர்வர் நிரலின் புதிய பதிப்பு) போடும்போது கியூவைத் தொட வேண்டுமா?

தேவையில்லை. டெஸ்டினேஷனாக ஃப்ளீட்டை நேரடியாகக் கொடுக்காமல் அதைச் சுட்டும் அலியாஸை (மாற்றுப் பெயரை) கொடுங்கள். புது ஃப்ளீட் தயாரானதும் அலியாஸை அதற்குத் திருப்பினால் போதும். பழைய ஃப்ளீட்டில் ஓடும் ஆட்டங்கள் முடியும்வரை அதை அழிக்காதீர்கள். பழைய கிளையண்டும் புதியதும் சேர்ந்து ஆட முடியாது என்றால் மட்டும் தனிக் கியூ.

கேள்வி: பிளேயர்களைச் சேர்த்து மேட்ச் அமைக்கும் ஃப்ளெக்ஸ்மேட்ச் சேர்த்த பிறகு சிலருக்கு மேட்ச்சே கிடைப்பதில்லை.

ரூல் செட்டில் (மேட்ச் விதிகளின் தொகுப்பில்) லேட்டன்சி விதி இருந்தால், லேட்டன்சி எண் அனுப்பாத பிளேயருக்கு எந்த ரீஜனுமே கிடையாது என்றே அது எடுத்துக்கொள்ளும், அவருடைய டிக்கெட் (மேட்ச் கோரிக்கை) டைம்அவுட் ஆகும்வரை சும்மா கிடக்கும். எண் அனுப்பினாலும், நீங்கள் குறிப்பிட்ட ரீஜன்களை மட்டும்தான் பார்க்கும். எனவே பக்கத்து இரண்டை மட்டும் அனுப்பாமல் ஃப்ளீட் உள்ள எல்லாவற்றையும் அளந்து அனுப்புங்கள். ரூல் செட்டில் 150 அனுமதித்துவிட்டு கியூவில் 100 என்று இறுக்கினால், மேட்ச் அமைந்த பிறகு இடம் கிடைக்காமல் தோற்கும். பிளேயருக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: தினமும் எந்த அளவீட்டைப் பார்ப்பது?

சராசரி காத்திருப்பு நேரம், டைம்அவுட் ஆனவை, இந்த இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிட முன்கூட்டியே எச்சரிப்பது, முதல் தேர்வில் இடமில்லாமல் வேறிடம் போன பிளேஸ்மென்ட்களின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் பிளேயர்கள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் தூரத்து சர்வரில். அந்த ரீஜனில் காலியாக வைத்திருக்கும் செஷன் சதவீதத்தின் இலக்கை உயர்த்துங்கள். முதல் தேர்வு தடைபட வாய்ப்பு அதிகமுள்ள ஸ்பாட் ஃப்ளீட் என்பதால் தவிர்க்கப்பட்டவை தனி அளவீடாக வரும், அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு மருந்து இன்னொரு இன்ஸ்டன்ஸ் வகையில் ஃப்ளீட் சேர்ப்பது.