பிள்ளைகளை வேலை வாங்காத, காட்டை அழிக்காத சொக்லேட் எது? விலையைக் கேளுங்கள்

"பிள்ளைகளை வேலை வாங்காமல், காடு அழிக்காமல் செய்த சொக்லேட்டை எப்படிப் பார்த்து வாங்குவது? இலங்கையில் அப்படி ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு கடைத் தட்டுக்கு முன்னால் குழம்பி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இந்தத் துறையில் படித்தவள் இல்லை. திருகோணமலை உவர்மலையில் வீட்டில் கேக் அடித்து, சொக்லேட் செய்து விற்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே ஒருவர் கேட்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள், என் மகளின் பிறந்தநாளன்று விருந்தாளிகள் இருக்கும்போதே கேட்டா: "மச்சாள், நீங்கள் போடுற கொக்கோ எங்கேயிருந்து வருகுதெண்டு தெரியுமோ? ஆபிரிக்காவில சின்னப் பிள்ளையள் கத்தியோட நின்று காய் வெட்டுதுகள். நாங்கள் அங்கே முத்திரை பார்த்துத்தான் வாங்குறனாங்கள்."

என்னிடம் பதில் இல்லை. கோபம் வந்தது. சபையில் வைத்துக் கேட்ட விதத்தில்தான் கோபமே தவிர, சொன்ன விஷயத்தில் பிழை இல்லை. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் இருந்துதான் வருகிறது. பெரிய சொக்லேட் நிறுவனங்கள் 2001-இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்து, மிக மோசமான சிறுவர் உழைப்பை 2005-க்குள் ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தன. அந்தத் தவணை திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. 2018-19 பருவத்தில் அந்த இரண்டு நாடுகளிலும் சுமார் 15.6 இலட்சம் பிள்ளைகள் கொக்கோத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பில் இருந்ததாக, சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020-இல் அறிக்கை வெளியிட்டது. ஐவரி கோஸ்ட்டில் 1960-க்குப் பிறகு காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குக் கொக்கோ ஒரு முக்கிய காரணம்.

சரி, அதற்காக அந்தத் தாய் தகப்பனைத் திட்டி என்ன பயன்? கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லாத விவசாயி பிள்ளையைத்தான் தோட்டத்துக்குக் கூட்டிப் போவான். மண் களைத்துப் போனால், உரம் வாங்க வழியில்லாமல் பக்கத்துக் காட்டை வெட்டுவான். இரண்டுக்கும் வேர் அவனுக்குக் கிடைக்கிற விலைதான். 2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு தொன் 10,000 டொலரையும் தாண்டியது. ஆனால் அந்த இரு நாடுகளிலும் விவசாயிக்கான விலையைப் பருவத்துக்குப் பருவம் அரசு நிர்ணயிக்கிறது. அறுவடையின் பெரும்பகுதியை முன்கூட்டியே விற்றும் இருந்தார்கள். அதனால் அந்த ஏற்றம் அப்படியே அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை.

மச்சாள் போன பிறகு, நான் வாங்குகிற சொக்லேட் கட்டியின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். "பொறுப்புடன் கொள்வனவு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. எந்த நாடு என்றுகூட அதில் இல்லை. அப்போதுதான் பொதியின் பின்பக்கத்தை ஆறுதலாக வாசித்தேன். அதில் கொக்கோ வெண்ணெயே இல்லை. சீனி, தாவர எண்ணெய்க் கொழுப்பு, பிறகு கொஞ்சம் கொக்கோத் தூள்.

எங்கள் ஊரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். ஆனி, ஆடியில் திருகோணமலை வெயில் அதைத் தாண்டும். கொழும்பில் இருந்து லொறியில் வருகிற நல்ல சொக்லேட் கடைக்கு வந்து சேரும்போது உருக்குலைந்திருக்கும். ஏசி இல்லாத கடைக்காரர் உருகாத சாமானைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உருகாத கொழுப்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பனையில் இருந்து வருவது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மழைக்காட்டை அழித்து நட்ட தோட்டங்களின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. சூழலைப் பற்றிக் கேட்கிற நீங்கள் கொக்கோவை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறீர்கள்.

அதன் பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலமாக மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். இலங்கையிலும் கொக்கோ விளைகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் தென்னைக்கும் மிளகுக்கும் நடுவே ஊடுபயிராக நிற்கிறது. கொக்கோ நிழலில் நன்றாக வளரும், அதனால் பெரிய மரங்களைத் தறிக்கத் தேவையில்லை. தோட்டக்கார ஐயா காய் ஒன்றை உடைத்து வெள்ளைச் சதையோடு கொட்டையைத் தந்தார். அது இனிப்பும் புளிப்புமாக இருந்தது, சொக்லேட் வாசம் துளியும் இல்லை. கொட்டையைக் குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காய வைத்து, அதற்கும் பிறகு வறுத்தால்தான் அந்த வாசம் வருமாம். அணிலும் குரங்கும் பாதியைத் தின்றுவிடுகின்றன என்றும், ஒழுங்கான விலை கிடைக்காததால் அக்கம்பக்கத்தில் பலர் மரத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். நிறுவனத்திடம் எழுதிக் கேட்டும் வராத பதில், அந்தத் தோட்டத்தில் நின்று கேட்டவுடன் கிடைத்தது. அவர் கேட்ட விலைக்கே கொட்டை வாங்கி வந்தேன். இன்றைக்கும் என் விலை கூடிய சொக்லேட்டுகளுக்கு அதைத்தான் வறுத்து அரைக்கிறேன்.

உடனே யாராவது வந்து "இலங்கைத் தோட்டங்களில் எல்லாம் நேர்மையா?" என்று கேட்பீர்கள். நான் பார்த்தது ஒரு தோட்டம், அதைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆபிரிக்கக் கொக்கோவை வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் வாங்காமல் விட்டால் முதலில் பட்டினி கிடப்பது அந்த விவசாயிதான்.

இதையும் சொல்ல வேண்டும். மாத்தளைக் கொட்டையில் செய்ததற்கு விலை சொன்னால், "வீட்டில தானே செய்யிறீங்கள், குறைக்க ஏலாதோ?" என்று கேட்கிறார்கள். வீட்டில் எரிகிற காஸுக்கும் ஓடுகிற ஃபிரிட்ஜுக்கும் யார் காசு கட்டுவது? இரவு பன்னிரண்டு மணிவரை நின்று அலங்கரித்த கேக்கை, "விழா தள்ளிப் போச்சு" என்று ஒரு வார்த்தையோடு வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டலில் கேட்ட காசை வாய் திறக்காமல் கட்டுகிறவர்கள், பெண்கள் வீட்டில் இருந்து உழைத்தால் பேரம் பேசுவது ஏன்? முற்பணம் கேட்டால் மரியாதைக் குறைவாம். எனக்கு இது பெரிய வேதனை. இங்கே வீட்டிலிருந்து தொழில் செய்யும் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற வேதனை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதியில் இருக்கிற சான்றிதழ் முத்திரைகளை ஒதுக்க வேண்டாம், ஆனால் எது எதைச் சொல்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். ஃபெயர்டிரேட் முத்திரை என்றால் விவசாயக் கூட்டுறவுக்கு ஒரு குறைந்தபட்ச விலையும் அதற்கு மேல் ஒரு ஊக்கத் தொகையும் உண்டு. தவளை படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் காடு, மண், தொழிலாளர் நிலை எல்லாம் பார்க்கும், ஆனால் அப்படிக் குறைந்தபட்ச விலை வைப்பதில்லை. இரண்டிலுமே ஆலையில் மற்றக் கொக்கோவோடு கலக்க அனுமதி உண்டு. முத்திரைக் கொக்கோவாக வாங்கிய அளவும் முத்திரையோடு விற்ற அளவும் கணக்கில் சரியாக இருந்தால் போதும். ஆகவே உங்கள் கையில் இருக்கிற துண்டு முத்திரை பெற்ற விவசாயியின் கொட்டைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. அவருக்குக் காசு போயிருக்கும், அது முக்கியம். 70 வீதம் கொக்கோ என்பது அதில் எவ்வளவு கொக்கோ இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். 'ஓர்கானிக்' என்பது பூச்சிமருந்தைப் பற்றியது, கூலியைப் பற்றி அது பேசாது.

"எங்கள் தோட்டங்களில் பிள்ளைகளே இல்லை" என்கிற நிறுவனத்தைவிட, "இந்த ஆண்டு தேடினோம், இத்தனை பேரைக் கண்டோம், இதைச் செய்தோம்" என்கிற நிறுவனத்தை நான் நம்புவேன். நெதர்லாந்தின் டோனிஸ் சொக்கோலோன்லி என்ற சொக்லேட் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் அந்த எண்ணிக்கையை வெளியிடுகிறது. தேடினால்தானே கண்ணில் படும்?

இலங்கையில் இருக்கிறீர்கள் என்றால், பொருட்களின் பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா, தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாத்தளை, கண்டிக் கொட்டையில் செய்கிற சிறிய தயாரிப்பாளர்களிடம் எந்தத் தோட்டம், கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்கிறவரிடம் வாங்குங்கள். விலை கட்டாது என்றால் மாதத்துக்கு ஒரு சின்னத் துண்டு போதும், பிள்ளைகளின் மற்ற நாட்களுக்கு எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் இருக்கிறது. வாங்கியதை, தயவுசெய்து, திருகோணமலை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போகாதீர்கள்.