வாசகர் கேள்வி பதில்: இந்தத் தடவையாவது...

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ மாயாஜாலக் கதைகள் தொலைக்காட்சித் தொடராக வரப்போகின்றன என்று நண்பர் சொன்னார். உண்மையா?
(வாசகர், திண்டுக்கல்)

அறிவிப்பு உண்மை. லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டில், கதைகளின் உரிமை தயாரிப்பாளர் ஜெனிஃபர் ஃபாக்ஸிடம் இருப்பதாகச் செய்தி வந்தது. மறு ஆண்டு, ஏ24 என்ற அமெரிக்கப் படநிறுவனத்தோடு சேர்ந்து அவர் அதைத் தொடராக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆண்டுகள் ஓடிவிட்டன, திரைக்கு இன்னும் வரவில்லை. அந்தச் செய்தி வெளியான அன்று இரவு என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். “அப்பா, இந்தத் தடவையாவது சரியா எடுப்பாங்களா?” என்றாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது கீழே மூன்றாவது கேள்வியில் வருகிறது.

கேள்வி: நான் அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. மந்திரப் பள்ளிக்கூடம், அதில் ஒரு பையன் என்றதும் ஹாரி பாட்டர்தான் நினைவுக்கு வருகிறது.
(வாசகி, கோவை)

எர்த்ஸீயின் முதல் புத்தகம் 1968இல் வந்தது. ஹாரி பாட்டர் வந்தது 1997இல். அதனால் யார் யாரைப் பார்த்து என்ற கேள்விக்கே இடமில்லை. அதைவிட, இரண்டும் வேறு வேறு உலகம்.

எர்த்ஸீ முழுக்கக் கடலும் தீவுகளும்தான். அங்கே மந்திரம் என்றால் பெயர் தெரிந்திருப்பது. கல்லோ, பருந்தோ, கடல் அலையோ, எதுவானாலும் ஆதிமொழியில் அதற்கு ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். மனிதர்களுக்கும் அப்படித்தான். ஊரார் கூப்பிடுவது ஒரு பெயர், மெய்ப்பெயர் வேறு. மெய்ப்பெயரை உயிரையே நம்பி ஒப்படைக்கக்கூடியவரிடம் மட்டும்தான் சொல்வார்கள். என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வாள். இந்தப் புத்தகத்தைப் படித்தபோது, பெயருக்கு இருக்கும் கனம் எனக்கு உடனே பிடிபட்டதற்கு அவள்தான் காரணம்.

கதை நாயகன் கோன்ட் தீவில் ஆடு மேய்க்கும் பையன், தாயில்லாப் பிள்ளை. ரோக் தீவின் பள்ளியில் படிக்கும்போது, சக மாணவன் ஒருவனிடம் தன் திறமையைக் காட்டும் ஆணவத்தில் இறந்தவர் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் உலகுக்குள் நுழைந்துவிடுகிறது. அதைத் திருப்பியடைக்கும் முயற்சியில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அதன் பிறகு அந்த நிழல் பையனைத் துரத்துகிறது, அப்புறம் அவன் அதைத் துரத்துகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. அதில் வாள் வீச்சு இல்லை, ஒரே ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: 2004இலேயே இது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்ததே? எழுதியவரே அதை எதிர்த்தாராமே?
(வாசகர், நாகர்கோவில்)

ஆமாம், எதிர்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சை-ஃபை சேனலில் இரண்டு இரவுகள் ஒளிபரப்பானது. முதல் இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகக் குழைத்து எடுத்திருந்தார்கள். ஒப்பந்தப்படி லெ குவின் ஆலோசகர், ஆனால் அவர் சொல்லுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த மாதமே ஸ்லேட் என்ற இணைய இதழில் நேரடியாகக் கட்டுரை எழுதிவிட்டார். அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு நிறம் பற்றியது.

அவர் படைத்த நாயகன் செம்பு கலந்த பழுப்பு நிறத்தவன். உற்ற நண்பன் வெட்ச் கறுப்பு. அந்தத் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் மாநிறம்தான். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக வருபவர்கள், கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வரும் கார்காட் வீரர்கள். தொடரிலோ நாயகனாக ஷான் ஆஷ்மோர் என்ற வெள்ளைக்கார நடிகரைப் போட்டார்கள். முக்கிய வேடங்களில் குரு ஒஜியனாக வந்த டேனி குளோவர் மட்டும் கறுப்பினத்தவர். இன்னொரு கொடுமையும் உண்டு. கெட் என்பது நாயகனின் மெய்ப்பெயர், ஊரார் அழைக்கும் பெயர் ஸ்பாரோஹாக். தொடரில் இரண்டையும் தலைகீழாக்கிவிட்டார்கள். பெயரே உயிராக இருக்கும் கதையில் பெயரை மாற்றிப் போட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

என் கதையையும் சொல்கிறேன். 1989இல் சென்னை அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் எட்டு ரூபாய்க்கு அந்த முதல் புத்தகத்தை வாங்கினேன். அட்டை கிழிந்துபோயிருந்தது, அதனால் எந்தப் பையனின் படமும் என் கண்ணில் படவில்லை. லெ குவினும் நாயகனின் நிறத்தை எடுத்தவுடன் சொல்லிவிடுவதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வெட்சை அறிமுகப்படுத்தும்போது, கெட்டைப் போலச் செம்பழுப்பு அல்ல, இவன் கறுப்பு என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. நான் அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு மின்சார ரயில் ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் நான் அதுவரை படித்த எந்த வீரசாகசக் கதையிலும் நாயகன் என் நிறத்துக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

பல வருடம் கழித்து என் மகளுக்கு இரவில் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம்தான் பள்ளி நாடகத்தில் “நிறம் கம்மி” என்று இளவரசி வேடத்திலிருந்து எடுத்துத் தோழி வேடம் கொடுத்திருந்தார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் இந்தத் தொடரை டிவிடியில் கொண்டுவந்தான். ஆசையாகப் போட்டோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “அப்பா, நீங்க சொன்ன பையன் எப்ப வருவான்?” என்று கேட்டாள். வந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

கேள்வி: நல்ல நடிகர் யாராக இருந்தால் என்ன? நிறத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா? கதைதானே முக்கியம்!
(வாசகர், சேலம்)

கதைதான் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே நிறம் கதைக்கு வெளியே இல்லை. லெ குவின் அதைத் தெரிந்தே, முதலிலிருந்தே செய்தார். உலகத்தில் வெள்ளையர் சிறுபான்மைதானே, கற்பனை உலகத்தில் மட்டும் ஏன் எல்லாரும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வெள்ளையர் அல்லாத வாசகர்கள் சிலர், இந்த வகைக் கதைகளில் தங்களுக்கும் இடம் இருப்பதாக உணர்ந்தது எர்த்ஸீயில் மட்டும்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கடி இல்லை, ஆனால் மறக்க முடியாதபடி, என்று அவரே அந்தக் கட்டுரையில் எழுதினார். புத்தக அட்டைகளில்கூடத் தன் நாயகன் வெளுத்துப்போவதை எதிர்த்து அவர் பல காலம் போராட வேண்டியிருந்தது. சேலத்து நண்பரே, திறமையுள்ள மாநிறப் பையன்கள் உலகத்தில் ஏராளம். தேடினால் கிடைப்பார்கள்.

கேள்வி: ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் எடுத்த அனிமேஷன் படம் எப்படி?
(வாசகி, தஞ்சாவூர்)

2006இல் வந்தது. இயக்கியவர் ஜிப்லியின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் மகன் கோரோ, அது அவருடைய முதல் படம். தந்தை மியாசாகி 1980களில் அனுமதி கேட்டபோது லெ குவின் மறுத்திருந்தார். பிறகு தந்தை எடுத்த டோடோரோ படத்தைப் பார்த்து மனம் மாறினார். முடிவில் படம் மகன் கைக்குப் போனதில் லெ குவினுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டு, “இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம். நல்ல படம்” என்று கோரோவிடம் பண்போடு சொன்னார்.

படத்தின் தொடக்கத்தில் இளவரசன் தன் தந்தையைக் குத்துகிறான். புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தீமை முழுவதையும் ஒரு வில்லன் தலையில் கட்டிக் கொன்றுவிடுகிறார்கள். லெ குவினின் உலகத்தில் தீமை அப்படி ஒழிகிற விஷயம் இல்லை. கடலையும் வயலையும் வரைந்திருக்கும் அழகுக்காக ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?
(வாசகி, மதுரை)

பதினொன்று, பன்னிரண்டு வயதில் முதல் புத்தகம். 1990இல் வந்த நான்காவது புத்தகமான தெஹானுவை நீங்கள் படியுங்கள், பிள்ளைகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: புதிய தொடர் வந்தால் அதில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? முதலில் எந்தக் காட்சியைப் பார்க்க ஆசை?
(வாசகர், புதுச்சேரி)

அவசரப்படாமல் எடுக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை. பையன் தனியாகப் படகில் போகும் நாட்களை அப்படியே விட வேண்டும். படகின் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும், அந்தக் கண்களையும் அலையையும் ஐந்து நிமிடம் காட்டினாலும் நான் பார்ப்பேன். இரண்டாவது புத்தகத்தில் தெனார் என்ற பெண், விளக்கேற்றக் கூடாத நிலவறைகளில் கையால் சுவரைத் தடவித் தடவியே வழி கண்டுபிடிப்பாள். நாயகன் கிட்டத்தட்டப் பாதிக் கதை வரை வரவே மாட்டான். அதை மாற்றாமல், திரையை உண்மையிலேயே இருட்டாக்கி, அவள் மூச்சையும் காலடியையும் மட்டும் கேட்கவிடும் தைரியம் அவர்களுக்கு வேண்டும்.

முதல் காட்சி என்று கேட்டால், பெயர் சூட்டும் காட்சிதான். பதின்மூன்று வயதில் அவனிடமிருந்து பழைய பெயரை அவன் தாயின் சகோதரி எடுத்துக்கொள்கிறாள். பெயரில்லாமல், உடையில்லாமல், ஆர் நதியின் ஊற்றுத் தண்ணீரில் இறங்கி நடக்கிறான். குளிரில் உடம்பு நடுங்குகிறது, ஆனாலும் நிமிர்ந்து மெல்லக் கடக்கிறான். அக்கரையில் ஒஜியன் அவன் கையைப் பிடித்து மெய்ப்பெயரைக் காதில் சொல்கிறார். அந்த நேரத்தில் பின்னணி இசை வேண்டாம். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருக்கட்டும், பெயரை அவ்வளவு மெதுவாகச் சொல்லட்டும். நானும் என் மகளும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம்.