ஹாம்லெட்டை ஒப்பிக்காமல் பேசுவது எப்படி?

கேள்வி: நடிப்புப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து இரண்டு நிமிடத் தனிப்பேச்சு ஒன்றை ஆங்கிலத்தில் நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், உயிரோடு இருப்பதா சாவதா என்று யோசிக்கும் 'டு பி ஆர் நாட் டு பி' பேச்சை எடுத்திருக்கிறேன். முழுக்க மனப்பாடம். ஆனால் வீட்டில் செய்து காட்டினால், "பேச்சுப் போட்டி மாதிரி இருக்கு" என்கிறான் தம்பி. அழுது பார்த்தேன், மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. பெண்ணான நான் ஹாம்லெட் செய்யலாமா, என் உச்சரிப்பு போதுமா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. என்ன செய்யட்டும்? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டு பயங்களையும் முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். பெண்கள் ஹாம்லெட் வேடம் போடுவது புதிதே இல்லை. பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் 1899-லேயே நடித்துவிட்டார். 2014-ல் மான்செஸ்டரில் மேக்சின் பீக் நடித்தார். தேர்வாளர்கள் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உச்சரிப்பும் அப்படித்தான். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் பேச்சு இன்றைய பிபிசி ஆங்கிலம் மாதிரி இருந்ததில்லை. நீங்கள் வழக்கமாகப் பேசும் ஆங்கிலமே போதும். லண்டன்காரர் மாதிரி பேச முயன்றால்தான் கேட்பவருக்கு உறுத்தும்.

உங்கள் தம்பி சொன்னதுதான் முக்கியம். அவன் காது சரியாக வேலை செய்கிறது. முழுப் பேச்சும் உங்களுக்கு மனப்பாடம் என்பதால், முதல் வரியைச் சொல்லும்போதே கடைசி வரி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஹாம்லெட்டுக்கு அது தெரியாது. அடுத்த வரியை அவன் அந்த நொடியில்தான் கண்டுபிடிக்கிறான். மூன்று வாரமும் நீங்கள் பயிற்சி செய்ய வேண்டியது இந்த ஒன்றைத்தான். கண்ணீர், குரல் நடுக்கம், மெதுவான நடை எல்லாம் அப்புறம். சொல்லப்போனால் அவை தேவையே படாமலும் போகலாம்.

இருபது வயதில் நானும் இதே பேச்சை ஒரு பயிற்சிப் பட்டறையில் கண்ணீரோடு செய்து காட்டினேன். முடிந்ததும் இயக்குநர் கேட்டது ஒரே கேள்விதான்: "சரி, இதையெல்லாம் நீ யார்கிட்ட சொல்ற?" என்னிடம் பதில் இல்லை. மேலே விளக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கேள்வியிலிருந்தே நீங்களும் தொடங்குங்கள். ஷேக்ஸ்பியரின் குழு நடித்த குளோப் அரங்கு 1599-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் எழுந்தது. நடுவில் கூரை கிடையாது, நாடகம் பகல் வெளிச்சத்தில் நடந்தது. நடிகருக்கு முன்னால் இருட்டு இல்லை, மனித முகங்கள் இருந்தன. காசு குறைவாகக் கொடுத்தவர்கள் மேடையை ஒட்டி நின்றுகொண்டு பார்த்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'தனக்குத்தானே முணுமுணுப்பது' எடுபடாது. தனிப்பேச்சு என்று நாம் சொல்வது அங்கே கூட்டத்தோடு நடக்கும் உரையாடலாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1997-ல் அதே கரையில் மறுபடி கட்டித் திறந்த குளோப்பிலும் நடிகர்கள் பார்வையாளர்களின் கண்ணைப் பார்த்தே பேசுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த முப்பத்து மூன்று வரிகளில் 'நான்' என்ற சொல் ஒரு தடவைகூட வராது. 'நாம்', 'நம்மை', 'யார்தான் பொறுப்பார்கள்' என்றுதான் போகிறது. அப்பா இறந்தது, அம்மா சித்தப்பாவை மணந்தது எதையும் அவன் இங்கே எடுக்கவில்லை. தன் கதையைச் சொல்லி அழுகிறவன் இப்படிப் பேச மாட்டான். எல்லாருக்கும் பொதுவான ஒரு வழக்கை எடுத்து, இரண்டு பக்கத்தையும் தானே வாதாடிப் பார்க்கிறான். நீங்கள் அழுது பார்த்தும் சரிவராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஓசை. பேச்சுப் போட்டி வாடை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நம் யாப்பில் குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரிக்கிறோம். ஆங்கிலச் செய்யுளில் நீளத்தைவிட அழுத்தம்தான் கணக்கு. இந்தப் பேச்சின் யாப்பு ஐயாம்பிக் பென்டாமீட்டர். அப்படியென்றால் வரிக்குப் பத்து அசை. மெலிந்தது ஒன்று, அழுத்தமானது ஒன்று என்று ஐந்து ஜோடி. தமிழ் பேசிப் பழகிய நாக்கு எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் போடும். 'அவுட்ரேஜஸ்' என்ற சொல்லில் அழுத்தம் 'ரே'யில் விழ வேண்டும். நம்மில் பலர் 'அவுட்'டில் போடுகிறோம். பேச்சிலிருந்து ஒழுங்கான வரி ஒன்றை எடுத்துத் தாளம் தட்டிப் பாருங்கள்: 'பட் தட் த ட்ரெட் ஆஃப் சம்திங் ஆஃப்டர் டெத்'. தட், ட்ரெட், சம், ஆஃப், டெத் என்று ஐந்து அடி. கடைசி அடி 'மரணம்' என்ற சொல்லின் மேலேயே இறங்குகிறது.

இப்போது முதல் நான்கு வரிகளுக்குப் போங்கள். அவை ஒவ்வொன்றிலும் பத்துக்குப் பதில் பதினோரு அசை. க்வெஸ்சன், சஃபர், ஃபார்ச்சூன், ட்ரபிள்ஸ் என்று நான்குமே அழுத்தமில்லாத அசையில் போய் வழிந்து முடிகின்றன. காலை ஊன்ற இடம் கிடைக்காதவன் பேசும் பேச்சு இது. இந்தத் தள்ளாட்டத்தை நீங்கள் நடிக்க வேண்டியதே இல்லை, அது எழுத்திலேயே இருக்கிறது. வரியை அழுத்தம் பிசகாமல் சொன்னால் தானாக வந்துவிடும். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற ஆங்கில நாடகக் குழுவைத் தொடங்கிய பீட்டர் ஹால் வரியின் முடிவை மதிக்கச் சொல்லி நடிகர்களைப் பிடிவாதமாக வற்புறுத்துவார். இரண்டாம் வரி 'சஃபர்' என்று முடிகிறது. எதைத் தாங்குவது? அதற்கு அடுத்த வரியின் தொடக்கத்தில்தான் பதில். அந்த இடத்தில் மூச்சை விட்டுவிடாமல், குரலையும் கீழே இறக்காமல், ஒரு இமைப்பொழுது தேடிவிட்டுத் தாண்டுங்கள். கிணற்று மேடையில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கும் நேரம் போதும்.

பேச்சின் இதயம் ஒன்பது, பத்தாம் வரிகளில் இருக்கிறது. 'டு டை, டு ஸ்லீப்' என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரி அதே 'டு ஸ்லீப்'பில் தொடங்குகிறது: 'டு ஸ்லீப், பர்சான்ஸ் டு ட்ரீம்'. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. சாவு என்பது தூக்கம், தூங்கினால் வலி தீரும், இதைவிட வேறென்ன வேண்டும் என்று கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிடுகிறான். 'தூங்குவது' என்ற சொல்லை இரண்டாம் முறை சொல்லும்போதுதான் அதற்குள்ளேயே ஒளிந்திருந்த பொறி கண்ணில் படுகிறது. தூங்கினால் கனவு வருமே! அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரும்போது உங்களுக்கே திடுக்கிட வேண்டும். உடனே வரும் 'ரப்' என்ற சொல் அந்தக் காலத்துப் பந்துருட்டும் விளையாட்டிலிருந்து வந்தது. நேராகப் போகும் பந்தைத் திருப்பிவிடும் தடைக்கு அந்தப் பெயர். முன்னால் பந்து நேராக உருண்டிருந்தால்தான் இங்கே அது திரும்புவது கேட்பவருக்குத் தெரியும். முதல் எட்டு வரியையும் இருண்ட குரலில் சொன்னால் திருப்பமே இருக்காது. ஆகவே அந்த வரிகளை நம்பிக்கையோடு சொல்லுங்கள், வழி கிடைத்துவிட்டது என்கிற மாதிரி.

நடுவில் ஒரு பட்டியல் வரும். கொடுங்கோலனின் அநியாயம், திமிர்பிடித்தவனின் ஏளனம், கைவிடப்பட்ட காதல், நீதிமன்றத் தாமதம், அதிகாரிகளின் ஆணவம் என்று நீளும். எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் இழுப்பதுதான் இங்கே எல்லாரும் விழும் குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகத்தை மனதில் வையுங்கள். டென்மார்க் இளவரசனை எந்த வழக்குமன்றமும் வாய்தா போட்டு அலைக்கழித்திருக்காது. அவன் சொல்வது மற்றவர்கள் படும் பாடு. உங்களுக்கும் அதிகாரிகளின் ஆணவம் என்றதும் ஒரு அலுவலக ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் நினைவுக்கு வராமலா இருக்கும்?

இதற்கெல்லாம் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 'க்வையட்டஸ்' என்பது கடன் தீர்ந்து கணக்கு முடிந்ததைக் குறிக்கும் சொல், அத்தனை கனமானது. அந்தக் கணக்கை முடிக்கும் 'பாட்கின்' வெறும் சின்னக் கத்தி. பெரிய சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய சொல். 'ஃபார்டெல்ஸ்' என்றால் மூட்டைகள், 'காயில்' என்றால் இங்கே சந்தடி, இரைச்சல். இதற்குச் சிறந்த வழி, பேச்சு முழுவதையும் உங்கள் வீட்டுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுதான். இலக்கியத் தமிழ் வேண்டாம். இந்த வேலையை நமக்கு முன்பே செய்தவர் பம்மல் சம்பந்த முதலியார். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கி, தன் சுகுண விலாச சபாவின் மேடையில் அந்த வேடத்தைத் தானே ஏற்று நடித்தார். நீங்கள் மேடையேற்ற வேண்டாம், சமையலறையில் நின்று சொன்னால் போதும். தமிழில் சொல்லும்போது எங்கே கை தானாக எழுகிறதோ, எங்கே குரல் மாறுகிறதோ, அங்கெல்லாம் ஆங்கில வரியிலும் உயிர் இருக்கும்.

தம்பியையும் வேலைக்கு வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு வாக்கியம் முடித்ததும் அவன் "அதனால என்ன?" என்று கேட்கட்டும். அடுத்த வாக்கியம் அதற்குப் பதிலாக வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த இடத்தில் நீங்கள் இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு பயிற்சி சிசிலி பெரி சொல்லிக்கொடுத்த வகை. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல ஆண்டுகள் குரல் பயிற்சி கொடுத்தவர் அவர். அறையில் நடந்துகொண்டே பேச வேண்டும், காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ எந்த நிறுத்தக்குறி வந்தாலும் சட்டென்று திசை மாற வேண்டும். மொட்டைமாடியில் செய்து பாருங்கள். முதல் ஐந்து வரியிலேயே தலை சுற்றும். ஹாம்லெட்டின் மனம் எத்தனை தடவை திரும்புகிறது என்பதைக் கால் கற்றுக்கொள்ளும். அப்புறம் அசையாமல் நின்று பேசினாலும் அந்தத் திருப்பங்கள் போகாது.

எந்தச் சொல்லை அழுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஷேக்ஸ்பியரின் 400-ஆம் நினைவு ஆண்டான 2016-ல், ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்த விழாவில் இதை வைத்தே ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். இளம் நடிகர் பாப்பா எசியேடு முதல் வரியைச் சொல்ல வாயெடுக்க, கம்பர்பேட்ச், ஜூடி டென்ச், இயன் மெக்கெல்லன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து, அழுத்தம் இந்தச் சொல்லில்தான், இல்லை அந்தச் சொல்லில்தான் என்று சண்டை போட்டார்கள். கடைசியில் அன்றைய இளவரசர் சார்லஸே மேடையேறினார். ஒற்றைச் சொல்லைத் துரத்துவதைவிட எதிர்ச்சொற்களை மோதவிடுங்கள்: இருப்பது, இல்லாமல் போவது, தாங்குவது, ஆயுதம் எடுப்பது, தெரிந்த துன்பம், தெரியாத துன்பம். பேச்சு முழுக்க இந்த மோதலின் மேல்தான் நிற்கிறது.

படங்களைப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாருங்கள், ஆனால் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. அதற்கு முன் பார்த்தால் அவர்கள் குரல் உங்கள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கும்போதும் நடிகரின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு இயக்குநரின் முடிவைக் கவனியுங்கள். 1948-ல் வந்த ஹாம்லெட் படத்தில் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே கடலுக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்து, பாதியை மனக்குரலாகவும் பாதியை வாய்விட்டும் பேசுகிறார். 1996-ல் கென்னத் பிரானா ஒரு கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அரசனும் அவன் ஆலோசகன் பொலோனியஸும் ஒளிந்து பார்க்கிறார்கள். நாடகத்திலும் அவர்கள் அப்போது மறைந்திருந்து வேவு பார்க்கிறவர்கள்தான். ஹாம்லெட்டுக்கு அது தெரியுமா என்பது நானூறு ஆண்டாகத் தீராத விவாதம். தேர்வறையில் அந்த வம்பு உங்களுக்கு வேண்டாம். தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு நிமிடத்தில் முப்பத்து மூன்று வரி என்பது இயல்பான பேச்சு வேகத்தில் சரியாக அடங்கும். மூன்றரை நிமிடம் ஆகிறது என்றால் நீங்கள் யோசிப்பதற்காக நிற்கவில்லை, அழகுக்காக நிற்கிறீர்கள். பேசிக்கொண்டே யோசியுங்கள். அடுத்த காட்சியிலேயே ஹாம்லெட் நடிகர்களுக்கு இதைத்தான் சொல்கிறான்: வசனம் நாக்கில் லேசாக ஓட வேண்டும், தண்டோராக்காரன் மாதிரி கத்தக் கூடாது, கையால் காற்றை ரம்பம் போட்டு அறுக்கக் கூடாது.

தேர்வு நாளில் தேர்வாளர்களின் கண்ணையே நேராகப் பார்த்துப் பேசாதீர்கள். குறிப்பு எழுத விடாமல் செய்தால் அவர்களுக்குச் சங்கடம். அவர்கள் தலைக்குச் சற்று மேலே, இடம், நடு, வலம் என்று மூன்று ஆட்களைக் கற்பனையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு புது வாதத்தையும் அவர்களில் ஒருவரிடம் கொண்டுபோங்கள். நடுவில் வரி மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். முந்தைய எண்ணத்தை அந்த மூவரில் ஒருவரிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள், அடுத்த வரி பெரும்பாலும் வந்துவிடும். 'த நேம் ஆஃப் ஆக்‌ஷன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த சொற்கள் ஹாம்லெட் தன் காதலி ஒஃபீலியாவைப் பார்த்துவிட்டுச் சொல்பவை, அவள் அந்த அறையில் இருக்க மாட்டாள். முடித்ததும் உடனே தோளைத் தொங்கவிட்டுச் சிரித்துவிடாமல், ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, அப்புறம் நன்றி சொல்லுங்கள்.